ராயல் மெயிலை விற்றதில் உண்மையில் கெட்டது எது? எண்களோடு பேசுவோம்

கேள்வி: கடிதக்கட்டு

தபால் துறையைத் தனியாருக்குக் கொடுக்கலாமா என்று எங்கே பேச்சு வந்தாலும் இரண்டு தரப்பும் பிரிட்டனைத்தான் சாட்சிக்கு இழுக்கிறார்கள். "விற்றார்கள், கடிதம் வருவதே அரிதாகிவிட்டது" என்கிறது ஒரு தரப்பு. "விற்காவிட்டால் ஓய்வூதியச் சுமையிலேயே மூழ்கியிருக்கும்" என்கிறது இன்னொரு தரப்பு. நடுவில் விவரம் காணாமல் போய்விடுகிறது.

எனக்குத் தெளிவாக வேண்டியவை இவை. 2013இல் விற்றது எதை? தபால் நிலையங்களும் அதில் சேர்த்தியா? அடிமாட்டு விலைக்குக் கொடுத்தார்கள் என்கிறார்களே, அந்தக் கணக்கு என்ன? தபால்தலை விலை ஏறியதற்கும் கடிதம் தாமதமாவதற்கும் விற்பனைதான் காரணமா, இல்லை யார் கையில் இருந்தாலும் இதேதான் நடந்திருக்குமா? செக் நாட்டுத் தொழிலதிபர் வாங்கிய பிறகு அரசின் கையில் என்ன பிடி மிச்சம்?

முழக்கம் வேண்டாம். ஆண்டு, தொகை, சட்டம் என்று எழுதுங்கள், நன்றியோடு படிப்பேன்.

பதில் 1: தேம்ஸ்கரை

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். பாதி விவாதம் இங்கேதான் தடம் புரள்கிறது. பிரிட்டனில் ராயல் மெயில் வேறு, போஸ்ட் ஆபீஸ் வேறு. கடிதத்தைப் பெட்டியிலிருந்து எடுத்து, பிரித்து, வீட்டு வாசலில் சேர்ப்பது ராயல் மெயில். கவுன்டரில் உட்கார்ந்து தபால்தலை விற்பது, பார்சல் வாங்கிக்கொள்வது, பணம் எடுக்கக் கொடுப்பது எல்லாம் போஸ்ட் ஆபீஸ் லிமிடெட். 2012 ஏப்ரல் 1 அன்று இரண்டையும் தனித்தனியாகப் பிரித்து, இடையில் பத்தாண்டு ஒப்பந்தம் ஒன்றைப் போட்டார்கள். விற்றது ராயல் மெயிலை மட்டும். சுமார் 11,500 கிளைகள் கொண்ட போஸ்ட் ஆபீஸ் இன்றும் அரசுக்குச் சொந்தம்.

ஹொரைசன் கணினி மென்பொருள் காட்டிய பொய்க் கணக்கை நம்பிக் கிளை நடத்துநர்களைத் திருடர்களாக்கினார்களே, அது இந்த அரசு நிறுவனத்தில் நடந்தது. 900க்கும் மேற்பட்டோர் தண்டிக்கப்பட்டார்கள். 2024இல் தனிச் சட்டமே போட்டு அந்தத் தீர்ப்புகளை நீக்க வேண்டியிருந்தது. இதைத் தனியார்மயத்தின் விளைவு என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள். தவறு. அரசு உடைமையாக இருந்தாலே மக்களுக்குப் பாதுகாப்பு என்று சொல்பவர்களும் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

இனி வரிசை. 2006 ஜனவரி 1 அன்று கடிதச் சந்தையை முழுமையாகப் போட்டிக்குத் திறந்துவிட்டார்கள். ராயல் மெயில் அப்போது முழு அரசு நிறுவனம். 2008இல் ரிச்சர்ட் ஹூப்பர் தலைமையிலான ஆய்வு மூன்றையும் ஒரே கட்டாகச் செய்யச் சொன்னது: ஓய்வூதியப் பற்றாக்குறையை அரசு ஏற்பது, ஒழுங்குமுறையைத் தகவல்தொடர்புத் துறை ஒழுங்குமுறை ஆணையமான ஆஃப்காமிடம் மாற்றுவது, தனியார் பங்காளியைச் சேர்ப்பது. 2009இல் லேபர் அரசே ஒரு பகுதியை விற்க மசோதா கொண்டுவந்து, சொந்தக் கட்சியின் எதிர்ப்பால் கிடப்பில் போட்டது. அடுத்து வந்த கூட்டணி அரசு 2011இல் அஞ்சல் சேவைகள் சட்டத்தை நிறைவேற்றியது.

2012 ஏப்ரலில் ஓய்வூதிய நிதியின் பழைய பொறுப்பு அரசுக்கு மாறியது. சுமார் 2,800 கோடி பவுண்டு சொத்தும் சுமார் 3,800 கோடி பவுண்டு கடப்பாடும் சேர்ந்து வந்தன. அந்த ஆண்டுக் கணக்கில் சொத்து வரவாக எழுதப்பட்டதால் அரசின் பற்றாக்குறை குறைந்ததுபோலத் தெரிந்தது. ஆனால் ஓய்வூதியம் ஆண்டுதோறும் வரிப்பணத்திலிருந்து போய்க்கொண்டிருக்கும். விற்பனையில் அரசுக்கு எவ்வளவு கிடைத்தது என்று கேட்கும்போது இந்த 1,000 கோடி இடைவெளியையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

2013 அக்டோபர் பங்கு வெளியீட்டுக் கணக்கு எளிது. மொத்தம் 100 கோடி பங்குகள். அதில் 60 கோடியைப் பங்குக்கு 330 பென்ஸ் (100 பென்ஸ் ஒரு பவுண்டு) விலையில் விற்றார்கள், வந்தது 198 கோடி பவுண்டு. 10 கோடி பங்கு ஊழியர்களுக்கு இலவசம். வர்த்தகம் தொடங்கிய முதல் நாளே விலை 455 பென்ஸில் முடிந்தது. பங்குக்கு 125 பென்ஸ் விட்டுப்போனால், 60 கோடிப் பங்குக்கு 75 கோடி பவுண்டு. தேசியத் தணிக்கை அலுவலகம் 2014 அறிக்கையில் விமர்சித்தது இதைத்தான். பத்தாயிரம் பவுண்டுக்கு மேல் கேட்டு விண்ணப்பித்த தனிநபருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அதற்குக் கீழே கேட்ட பெரும்பாலோருக்குத் தலைக்கு 227 பங்கு. ஆனால் "நீண்டகாலம் வைத்திருப்பார்கள்" என்று முன்னுரிமை பெற்ற 16 பெரிய முதலீட்டாளர்களுக்கு ஒதுக்கியதில் ஏறக்குறைய பாதி, சில வாரங்களுக்குள் கைமாறிவிட்டது. எனக்கு உறுத்துவது விலையைவிட இதுதான். முன்னுரிமைக்கு ஈடாக, இத்தனை காலம் விற்கக்கூடாது என்ற எழுத்துப்பூர்வமான நிபந்தனை ஒன்றைக்கூட வாங்கி வைக்கவில்லை.

மீதி 30 சதவீதம் 2015இல் போனது. ஜூனில் 15 சதவீதம் 500 பென்ஸுக்கு, அக்டோபரில் 13 சதவீதம் 455 பென்ஸுக்கு, 2 சதவீதம் ஊழியர்களுக்கு. எல்லாம் சேர்த்து அரசுக்கு வந்தது சுமார் 330 கோடி பவுண்டு.

பதில் 2: நடைவரிசை

தாமதம் பற்றிக் கேட்டீர்கள். பங்குச் சந்தையை விட்டுவிட்டு, தபால்காரரின் பீட்டிலிருந்து, அதாவது அவர் தினமும் நடக்கும் தெரு வரிசையிலிருந்து தொடங்கினால்தான் இது புரியும்.

தபால் பட்டுவாடாவில் பெரிய செலவு தெருவை நடந்து முடிப்பது. பையில் 500 கடிதம் இருந்தாலும் 150 இருந்தாலும் தெருவின் நீளம் மாறாது. பிரிட்டனில் 2004-05இல் கடிதங்கள் சுமார் 2,000 கோடி. 2023-24இல் சுமார் 660 கோடி. முகவரிகள் இன்று ஏறத்தாழ 3.2 கோடி. 660 கோடியை 3.2 கோடியால் வகுத்தால் வீட்டுக்கு ஆண்டுக்கு 206 கடிதம். திங்கள் முதல் சனி வரை என்றால் ஆண்டில் சுமார் 300 பட்டுவாடா நாள். ஆக, ஒரு வாசலுக்கு ஒரு நாளைக்கு ஒரு கடிதம்கூட இல்லை. இதே முகவரி எண்ணிக்கையில் பழைய 2,000 கோடியை வகுத்துப் பாருங்கள், நாளைக்கு இரண்டு வரும். அப்படியானால் ஒரே நடைக்கான செலவு இன்று மூன்றில் ஒரு பங்கு கடிதங்களின் தலையில் விழுகிறது. உரிமையாளர் யார் என்பதற்கும் இந்தக் கணக்குக்கும் தொடர்பில்லை. டென்மார்க்கைப் பாருங்கள். அங்கே போஸ்ட்நார்ட் சுவீடன், டென்மார்க் அரசுகளுக்குச் சொந்தமான நிறுவனம், 60க்கு 40 என்ற பங்கில். அதுவே 2025 டிசம்பர் இறுதியோடு டென்மார்க்கில் கடிதப் பட்டுவாடாவை நிறுத்திவிட்டது.

அடுத்து பார்சல். கடிதம் கதவிலுள்ள துளையில் விழுந்தால் வேலை முடிந்தது, சில நொடிதான். பார்சலுக்கு மணி அடிக்க வேண்டும், ஆள் வரும்வரை நிற்க வேண்டும், படம் பிடிக்க வேண்டும், ஆள் இல்லையென்றால் அட்டை எழுதிப் போட வேண்டும். 40 பார்சல் கூடினால் ஷிப்டில் ஒரு மணி நேரத்துக்கு மேல் போய்விடும். பட்டுவாடா நிலையத்தில் தரையை அடைத்துக்கொண்டு நிற்பதும் பார்சல். அதை வெளியேற்றாமல் அடுத்த லாரியை இறக்க முடியாது. கடிதமோ அலமாரிச் சட்டத்தில் சாய்ந்தபடி அமைதியாக இருக்கும். இன்னொன்றும் உண்டு. பார்சலில் கண்காணிப்பு எண் இருக்கிறது, அனுப்பியவர் மணிக்கு மணி பார்க்கிறார், தாமதமானால் கடைக்காரர் வேறு கூரியருக்கு ஓடிவிடுவார். சாதாரணக் கடிதம் மூன்று நாள் தூங்கியது என்று யாரும் நிரூபிக்க முடியாது. நெருக்கடி வந்த நாளில் எது வண்டியில் ஏறும் என்பதை யாரும் உத்தரவு போட்டுச் சொல்ல வேண்டியதில்லை, இந்த ஏற்பாடே முடிவு செய்துவிடும். 2023இல் நாடாளுமன்ற வணிகக் குழு இதை விசாரித்துக் கடுமையாக எழுதியது.

தாமதம் எப்படிப் பெருகுகிறது என்றும் சொல்கிறேன். ஒரு நடைக்குரிய ஆள் வரவில்லை, பதிலாள் இல்லை. அன்றைய கட்டு அலமாரிச் சட்டத்திலேயே தங்கும். மறுநாள் இரண்டு நாள் கட்டு, அதே ஒரு ஆள், அதே மணி நேரம். அவர் பாதியைத்தான் முடிப்பார். மூன்றாம் நாள் பக்கத்து நடையின் ஆளைக் கொஞ்சம் இழுப்பார்கள், அங்கேயும் தேங்கும். பிறகு தெருக்களை முறைவைத்துச் சுழற்றி விடத் தொடங்குவார்கள். பல நாள் ஒன்றுமே வராமல், பிறகு ஒரே நாளில் ஏழெட்டுக் கடிதம் வருவதற்குக் காரணம் இதுதான். மருத்துவமனைச் சந்திப்புக் கடிதம் அந்தக் கட்டில் இருந்தால் நாள் தவறிவிடும். இதை வெறும் சதவீதமாக மட்டும் பேசக்கூடாது.

சரி, எண்கள். முதல் வகுப்புக் கடிதத்தில் 93 சதவீதம் மறுநாளே சேர வேண்டும் என்பது அந்த ஆண்டுகளில் இலக்கு. 2018-19இல் 91.5 சதவீதம், அதற்கு 15 லட்சம் பவுண்டு அபராதம். 2022-23இல் 73.7 சதவீதம், அபராதம் 56 லட்சம். 2023-24இல் 74.7, அபராதம் 1.05 கோடி. 2024-25இல் 77, அபராதம் 2.1 கோடி. விற்று ஐந்தாண்டு கழிந்தும் 91.5 இருந்தது என்பதைக் கவனியுங்கள். சரிவு 2020க்குப் பிறகு: கொரோனாக்கால விடுப்புகள், பார்சல் வெள்ளம், 2022இல் 18 நாள் வேலைநிறுத்தம், அதன்பின் புதிதாகச் சேருவோருக்குக் குறைந்த ஊதிய நிபந்தனை வைத்ததால் ஆள் நிற்காமை. வேலைநிறுத்தம் போன்றவற்றைக் கழித்துக் கணக்கிட்டாலும் 2022-23இல் 82 சதவீதம்தான் என்று ஆஃப்காமே சொன்னது. ஆகவே முழுப் பழியையும் வேலைநிறுத்தத்தின் மேல் போட முடியாது.

பதில் 3: செங்கல்பெட்டி

விற்றதால் வந்த வினைதான். தபால்தலை விலை ஒன்று போதாதா? முதல் வகுப்பு 60 பென்ஸாக இருந்தது, 2025 ஏப்ரலில் 1.70 பவுண்டு. தனியார் கைக்குப் போன பிறகுதானே இந்த ஏற்றம்?

பதில் 4: தேம்ஸ்கரை

செங்கல்பெட்டி, 60 பென்ஸ் ஆனதே எப்போது என்று பாருங்கள். 2012 ஏப்ரல் 30 அன்று, 46 பென்ஸிலிருந்து ஒரே தாவலில். நிறுவனம் முழுக்க அரசு கையில் இருந்த நேரம். அந்த மாதம்தான் ஆஃப்காம் பெரும்பாலான விலை உச்சவரம்புகளை நீக்கியது, மெதுவாகப் போகும் மலிவான இரண்டாம் வகுப்புக்கு மட்டும் காப்பு வைத்தது. வாங்க வருபவருக்கு லாபக் கணக்கு காட்ட வேண்டுமானால் விலைக்கட்டுப்பாடு தளர வேண்டும் என்பது தெரிந்ததுதான். அதனால் விற்பனைக்கும் விலைக்கும் தொடர்பு உண்டு. ஆனால் கதவைத் திறந்தது ஒழுங்குமுறை முடிவு, அதன் வழியாக நடந்தவர் புதிய உரிமையாளர். 2022இல் 95 பென்ஸ், 2023இல் இருமுறை ஏறி 1.25, 2024இல் இருமுறை ஏறி 1.65, 2025 ஏப்ரலில் 1.70. காப்பு உள்ள இரண்டாம் வகுப்பு அந்த 2025 ஏப்ரலில் 87 பென்ஸ்தான். ஒரே நிறுவனம், ஒரே தபால்காரர், ஒரே நடை. உச்சவரம்பு உள்ள தபால்தலையும் இல்லாத தபால்தலையும் இத்தனை தூரம் விலகி நிற்கின்றன.

நீங்கள் கோபப்பட வேண்டிய இடம் வேறு ஒன்று இருக்கிறது. கொரோனாக்காலப் பார்சல் லாபத்தைத் தொடர்ந்து, 2021 நவம்பரில் பங்குதாரர்களுக்கு 40 கோடி பவுண்டு திருப்பித் தருவதாக அறிவித்தார்கள். பாதி பங்குகளைத் திரும்ப வாங்க, பாதி சிறப்பு ஈவுத்தொகை. 2022-23இல் ராயல் மெயிலின் செயல்பாட்டு நட்டம் 41.9 கோடி. இரண்டு தொகையும் ஏறக்குறைய ஒன்று. தேவை வரும் என்று தெரிந்த பணத்தை வெளியே விட்டார்கள். சட்டத்தில் சேவை இலக்கு தவறிய ஆண்டில் ஈவுத்தொகை கூடாது என்று ஒரு வரி இருந்திருந்தால் இது நடந்திருக்காது.

அபராதம் அதைத் தடுக்கும் என்று நம்புவதும் வீண். ஆஃப்காம் விதிக்கும் அபராதம் கருவூலத்துக்குப் போகிறது. கடிதம் கிடைக்காதவருக்கு ஒரு பென்ஸும் இல்லை. பட்டுவாடாவுக்கு ஆள் சேர்க்கவும் அது உதவாது.

பதில் 5: நிலுவைக்கணக்கு

விற்பனைக்கு ஆதரவான வாதத்தையும் அதன் முழு வலுவோடு யாராவது வைக்க வேண்டும். வைக்கிறேன்.

அரசு நிறுவனமாக இருந்தபோது ராயல் மெயில் வாங்கும் ஒவ்வொரு கடனும் நாட்டின் பொதுக்கடனில் சேரும். பிரித்தெடுக்கும் இயந்திரத்துக்கு 50 கோடி கேட்டால் நிதி அமைச்சகம் அதைப் பள்ளிக்கூடத்தோடும் மருத்துவமனையோடும் ஒப்பிட்டுத்தான் பார்க்கும். தபால் எப்போதும் கடைசி வரிசை. ஐரோப்பிய ஒன்றியத்தின் அரசு உதவி விதிகள் வேறு குறுக்கே நின்றன. ஒவ்வொரு தடவையும் பிரஸ்ஸல்ஸின் அனுமதி தேவைப்பட்டது. அதனால் கடிதங்களைத் தபால்காரரின் நடை வரிசைப்படியே அடுக்கித் தரும் இயந்திரங்கள் ராயல் மெயிலுக்கு ஜெர்மனி, நெதர்லாந்தைவிடத் தாமதமாகவே வந்தன. அது வரும்வரை தபால்காரர் விடிகாலையில் மணிக்கணக்காகக் கையால் அடுக்கிவிட்டுத்தான் தெருவுக்கு இறங்கினார். விற்ற பிறகு மிட்லேண்ட்ஸில் டேவென்ட்ரி அருகே மணிக்கு 90,000 பார்சல் பிரிக்கும் மையம் வந்தது. அரசு நிதியில் அது அந்த வேகத்தில் வந்திருக்காது.

ஜெர்மனியையும் சேர்த்துப் பாருங்கள். டாய்ச்ச போஸ்ட் 1995இல் நிறுவனமாக்கப்பட்டது, 2000 நவம்பரில் பங்குச்சந்தைக்கு வந்தது. கடிதத் தனியுரிமை முடிந்தது 2008 ஜனவரி 1 அன்று. வரிசை பிரிட்டனுக்கு நேர் எதிர்: முதலில் நிறுவனத்தை வலுப்படுத்தி, டிஎச்எல்லை வாங்கி, பார்சலில் காலூன்றி, அதன் பிறகே சந்தையைத் திறந்தார்கள். பிரிட்டன் 2006இல் சந்தையைத் திறந்துவிட்டு, 2013இல் விற்றது. இடைப்பட்ட ஏழு ஆண்டும் அரசு கையில் கட்டுண்டபடியே போட்டியைச் சமாளித்தது ராயல் மெயில். என் கருத்தில் 2013ஐவிட 2006தான் பெரிய பிழை.

பதில் 6: நடைவரிசை

2006 பற்றி நிலுவைக்கணக்கு சொல்வது சரி. அதைப் புரிந்துகொள்ள "கடைசி மைல்" ஏற்பாட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும். வங்கி, மின்நிறுவனம், காப்பீடு ஆகியவை லட்சக்கணக்கில் ஒரே மாதிரி கடிதம் அனுப்பும். போட்டி நிறுவனம் அதை மொத்தமாக வாங்கி, தன் இயந்திரத்தில் ஊர்வாரியாகப் பிரித்து, அந்தந்த ஊரின் ராயல் மெயில் மையத்தில் இறக்கிவிடும். அதற்குமேல் வீட்டு வாசல்வரை ராயல் மெயிலே கொண்டுபோகும், ஒரு கட்டணத்துக்கு. சேகரிப்பதும் பிரிப்பதும் இயந்திர வேலை, செலவு குறைவு. நடப்பது மனித வேலை, செலவு அதிகம். எளிய பாதி போட்டியாளருக்கும் கடினமான பாதி ராயல் மெயிலுக்கும் போயிற்று. இன்று பிரிட்டனில் போகும் கடிதத்தில் பாதிக்கு மேல் இந்த வழியில்தான் வருகிறது.

அடுத்த படியாக டிஎன்டி போஸ்ட், பிறகு விஸ்டல் என்று பெயர் மாறிய நிறுவனம், 2012இல் லண்டனின் ஒரு பகுதியில் தானே வீடு வீடாகப் பட்டுவாடா செய்யத் தொடங்கியது. பிறகு மான்செஸ்டர், லிவர்பூல். நெருக்கமான நகரத் தெருக்கள் மட்டும், வாரத்தில் சில நாள் மட்டும். ஷெட்லாண்டுத் தீவுக்கு அவர்கள் போக வேண்டிய கட்டாயம் இல்லை. லாபத் தெருவைப் போட்டியாளர் எடுத்துக்கொண்டு, நட்டத் தெரு ராயல் மெயிலுக்கு மிஞ்சினால் ஒரே விலை என்ற ஏற்பாடே உடைந்துவிடும். 2014இல் ராயல் மெயில் போட்டி நிறுவனங்களிடம் வாங்கும் கட்டணப் பட்டியலை மாற்றி, நாடு முழுக்க ஒரே சீராகக் கடிதம் ஒப்படைக்காத நிறுவனங்களுக்குக் கூடுதல் கட்டணம் அறிவித்தது. விஸ்டல் 2015இல் வீட்டுப் பட்டுவாடாவை விட்டுவிட்டது. அந்த விலை மாற்றம் ஆதிக்க நிலையைத் தவறாகப் பயன்படுத்தியது என்று 2018இல் ஆஃப்காம் ராயல் மெயிலுக்கு 5 கோடி பவுண்டு அபராதம் விதித்தது. நீதிமன்றங்களும் அதை உறுதிசெய்தன. ஒரே விலையில் எல்லாருக்கும் சேவை என்ற கடமையும் போட்டிச் சட்டமும் நேருக்கு நேர் மோதிய வழக்கு இது. தபால் தனியார்மயம் பற்றிப் பேசும் யாரும் ஒருமுறை இதைப் படிக்க வேண்டும்.

நிலுவைக்கணக்கோடு நான் ஒத்துப்போகாத இடம் முதலீடு. பார்சல் மையத்துக்குப் பணம் வந்தது உண்மை. கடிதத்துக்கு வரவில்லை. தனியார் முதல் வளரும் தொழிலுக்குத்தான் போகும், சுருங்கும் தொழிலைச் சட்டம்தான் தாங்க வேண்டும்.

பதில் 7: தேம்ஸ்கரை

கடைசிக் கேள்வி பாக்கி: அரசின் பிடி என்ன?

முதல் பிடி 2011 சட்டத்தின் 31ஆம் பிரிவு. திங்கள் முதல் சனி வரை தினம் ஒரு கடிதப் பட்டுவாடா, பார்சல் வாரம் ஐந்து நாள், நாடெங்கும் ஒரே கட்டுப்படியான விலை, பதிவு செய்யும் வசதி, பார்வையற்றோருக்கு இலவசம். இதை ஆஃப்காம் தன் விருப்பத்துக்கு மாற்ற முடியாது, நாடாளுமன்றம் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் பிரிவின் உள்ளே இடம் இருந்தது. முதல் வகுப்பு ஆறு நாளும் போனால் சட்டம் நிறைவேறியதாகிவிடும், எல்லாக் கடிதமும் போக வேண்டும் என்றில்லை. அதை வைத்து 2025 ஜூலை 28 முதல் இரண்டாம் வகுப்பை வேலைநாட்களில் ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுக்க அனுமதித்தார்கள். ஒரு வாரம் திங்கள், புதன், வெள்ளி, மறுவாரம் செவ்வாய், வியாழன், சனிக்கிழமை கிடையாது. அதற்கு முன் 37 பட்டுவாடா நிலையங்களில் சோதித்தார்கள். ஆண்டுக்கு 25 முதல் 42.5 கோடி பவுண்டு மிச்சமாகலாம் என்பது ஆஃப்காமின் மதிப்பீடு. கூடவே இலக்கையும் தளர்த்தினார்கள்: முதல் வகுப்பு 93இலிருந்து 90, இரண்டாம் வகுப்பு 98.5இலிருந்து 95. தவறும் கடிதமும் இரண்டு நாளுக்கு மேல் தாமதிக்கக் கூடாது என்று 99 சதவீத எல்லை ஒன்றைப் புதிதாகச் சேர்த்தார்கள். எனக்குப் பிடித்த மாற்றம் இதுதான். சராசரியைவிட, வாரக்கணக்கில் தேங்கும் அந்தச் சில கடிதங்களே மக்களை வதைக்கின்றன.

இரண்டாவது பிடி விற்பனை நிபந்தனை. செக் தொழிலதிபர் டேனியல் க்ரெடின்ஸ்கியின் இபி குழுமம் 2024 மேயில் பங்குக்கு 370 பென்ஸ் என்று 357 கோடி பவுண்டுக்கு ஒப்பந்தம் செய்தது, அரசு டிசம்பரில் ஒப்புதல் தந்தது, 2025இல் கைமாறியது. (2013இல் 330, 2024இல் 370. பதினோரு ஆண்டில் மொத்த விலையேற்றம் இவ்வளவுதான்.) அரசிடம் ஒரு "தங்கப் பங்கு" இருக்கிறது. தலைமையகத்தையோ வரி செலுத்தும் இடத்தையோ நாட்டைவிட்டு மாற்ற அரசின் சம்மதம் வேண்டும். உரிமையாளர் எடுக்கும் ஈவுத்தொகையில் 10 சதவீதம் ஊழியர்களுக்கு என்று தொழிற்சங்கத்தோடு உடன்பாடும் உண்டு. தங்கப் பங்கால் விலையையோ பட்டுவாடா நாளையோ தடுக்க முடியாது என்பதை மறந்துவிடாதீர்கள். அதற்கு 31ஆம் பிரிவு ஒன்றுதான்.

கடிதக்கட்டு

எல்லாருக்கும் நன்றி. நான் தேடியது கிடைத்துவிட்டது. ஒன்று மட்டும் மேலும்: இந்தியாவில் 2023 தபால் சட்டம் வந்தபோது "இது தனியார்மயத்தின் முதல் படி" என்றார்கள். பிரிட்டனின் 31ஆம் பிரிவு போல நம் சட்டத்தில் ஏதாவது இருக்கிறதா?

பதில் 8: கிளைஅஞ்சல்

அந்தச் சட்டம் எதையும் விற்கவில்லை. அஞ்சல் துறை இன்றும் நிறுவனம்கூட அல்ல, நேரடியாக ஒரு அரசுத் துறை. 2014இல் டி.எஸ்.ஆர். சுப்பிரமணியன் தலைமையிலான பணிக்குழு அதை ஒரு தாய் நிறுவனத்தின் கீழ் ஐந்து பிரிவாக்கலாம் என்று சொன்னது, அது நடைபெறவில்லை.

2024 ஜூன் 18 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் மாறியது வேறு. 1898ஆம் ஆண்டுச் சட்டத்தின் 4ஆம் பிரிவு கடிதம் கொண்டுபோகும் தனி உரிமையை அரசுக்குக் கொடுத்திருந்தது. கூரியர்காரர்கள் பல ஆண்டுகளாகக் கடிதத்தை "ஆவணம்" என்று எழுதிக் கொண்டுபோனதால் அது ஏற்கெனவே ஓட்டையாகிவிட்டது. புதிய சட்டம் அந்த உரிமையை முற்றிலும் விட்டுவிட்டது. மேலே பேசிய பிரிட்டன் வரிசையில் பார்த்தால் நாம் இருப்பது 2006 என்ற படியில்: சந்தை திறந்திருக்கிறது, துறை அரசிடம் இருக்கிறது. ஆனால் வாரத்துக்கு இத்தனை நாள் பட்டுவாடா, நாடெங்கும் ஒரே விலை, இவ்வளவு சதவீதம் மறுநாள் என்று கட்டாயப்படுத்தும் வரி சட்டத்துக்குள் இல்லை. அதையெல்லாம் துறையே விதிகளாலும் உத்தரவுகளாலும் தீர்மானிக்கிறது. 2025இல் பதிவுத் தபாலை ஸ்பீடு போஸ்டோடு இணைத்தது இப்படி ஓர் உத்தரவால்தான். 31ஆம் பிரிவு போல ஒன்று இருந்திருந்தால் நாடாளுமன்றத்தில் பேசியிருக்க வேண்டும்.

இன்னொரு வேறுபாடு வருமானம். ராயல் மெயிலிடம் சேமிப்பு வங்கி கிடையாது. இங்கே சேமிப்புக் கணக்குகளைக் கையாள்வதற்காக நிதி அமைச்சகம் தரும் தொகை துறையின் பெரிய வரவு. ஆகையால் "தபாலை மட்டும் பிரித்து விற்கலாம்" என்று யாராவது சொன்னால், கிராமத்துக் கிளை அஞ்சலகம் எந்தப் பக்கம் போகும் என்று கேளுங்கள். சுமார் 1.65 லட்சம் அஞ்சலகங்களில் பத்தில் ஒன்பது கிராமங்களில்தான். பெரும்பாலானவற்றை நாளைக்கு நான்கு அல்லது ஐந்து மணி நேரக் கணக்கில் ஊதியம் பெறும் கிராமின் டாக் சேவக்குகள் நடத்துகிறார்கள். பணி நேரத்தைப் பொறுத்துக் கிளை அஞ்சல் அதிகாரிக்கு 2018இல் நிர்ணயித்த தொடக்க ஊதியம் 12,000 அல்லது 14,500 ரூபாய், அகவிலைப்படி தனி. கடிதமும் சேமிப்புப் புத்தகமும் மணியார்டரும் ஊரக வேலைத் திட்டக் கூலியும் ஒரே மேசையில், ஒரே ஆளின் கையில். இந்த மேசையின் செலவில் எவ்வளவு கடிதத்துக்கு, எவ்வளவு சேமிப்புக்கு என்று பிரித்து எழுதிய பிறகுதான் விற்பனை விலை என்ற பேச்சுக்கே இடம் உண்டு. பிரிட்டன் 2012இல் கவுன்டரையும் நடையையும் பிரித்தது, அங்கே அவை இரண்டும் ஏற்கெனவே வேறு வேறு ஆட்கள் செய்த வேலை. நம் கிளை அஞ்சலகத்தில் கவுன்டரை மூடிவிட்டுச் சைக்கிளை எடுப்பவர் பெரும்பாலும் அதே ஆள்தான்.